“கத்தரி வெட்டவே இல்லை!” - பத்தில் ஒருவருக்காகக் கடை விரித்த ஈரோட்டுத் தையற்காரர்

“கத்தரி சுத்த வேஸ்ட். பேப்பர்கூட வெட்டவில்லை. யாரும் வாங்காதீர்கள்.”

கீழே ஒரே ஒரு நட்சத்திரம். வாங்கியவர் ஆதாரத்துக்குப் படமும் போட்டிருந்தார். மடங்கி நசுங்கிய காகிதம், அதற்குள் மாட்டிக்கொண்ட புத்தம்புது கத்தரி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஈரோட்டுத் தையற்காரருக்கு முதலில் கண் கலங்கியது, அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரியைப் பிடித்திருந்தது வலது கை. அவர் விற்றதோ இடது கைக்காரர்களுக்கான கத்தரி!

‘இடது கை’ என்று பொருளின் பெயரிலேயே இருந்தது. ஆனால் போனில் பொருள் வாங்கும்போது யார் பெயரைப் படிக்கிறார்கள்? படத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், விரல் தானாக அழுத்திவிடுகிறது.

ஆன்லைனில் எதை விற்றால் ஓடும் என்று கேட்டால் புடவை, நகை, மசாலாப் பொடி, அழகு சாதனம் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். எல்லாருக்கும் தேவைப்படுவதை விற்பதில் போட்டி அதிகம். சிலருக்கு மட்டும் தேவைப்படுவதை விற்றால் போட்டியே இருக்காது என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனைதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் ‘சிலரை’ எங்கே போய்ப் பிடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தத் தையற்காரருக்கு வயது 34. வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். பெயர் வேண்டாமாம். “மாமியார் வீட்டுல இதை இன்னும் வியாபாரம்னு ஒத்துக்கலீங்க. ஏதோ பொழுதுபோகாம பண்றேன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க. பேப்பர்ல பேரு வந்தா ஆளாளுக்குக் கணக்குக் கேப்பாங்க” என்கிறார்.

அவர் பிறவியிலேயே இடது கைக்காரர். அதாவது, அப்படி இருக்க விட்டிருந்தால். தாயைப் பெற்ற அம்மாயி வீட்டில்தான் வளர்ந்தார். அம்மாயிக்கு அவர்மேல் உயிர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. சாப்பிடும்போது இடது கை தட்டுக்குப் போனால், “சோத்துக் கையில எடு சாமி” என்று ஒரு தட்டு. அதற்கும் மசியவில்லை என்றதும் இடது கை விரல்களில் வேப்பெண்ணெய். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக்குச்சியை வலது கைக்கு மாற்றினார் டீச்சர். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கைக்கு வந்துவிட்டன. கையெழுத்து மட்டும் இன்றுவரை கோழி கிளறியதுபோலத்தான்.

ஆனால் பெரியவர்கள் எல்லாவற்றையுமா கவனிக்க முடியும்? கல் எறிவது, தீப்பெட்டி உரசுவது, பல் துலக்குவது, கத்தரி பிடிப்பது... இவையெல்லாம் அம்மாயியின் கண்ணுக்குத் தப்பி இடது கையிலேயே தங்கிவிட்டன. தமிழ்நாட்டு வீடுகளில் இப்படிப் பாதி மாறிய கைக்காரர்கள் நிறைய. அவர்களில் பலருக்குத் தாங்கள் இடது கைக்காரர்கள் என்பதே தெரியாது. இந்த வியாபாரத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.

கையா, கத்தரியா?

பத்தொன்பது வயதில் தையல் வகுப்பில் சேர்ந்தபோது, எல்லாரும் நேராக வெட்டிய துணியை அவர் மட்டும் கடித்துக் குதறியதுபோல வெட்டினார். “உனக்குக் கை வரல” என்றார் வகுப்பு எடுத்த அக்கா. அவரும் அதை நம்பினார். வைராக்கியத்தோடு பழகி, தொழிலில் நல்ல பெயரும் எடுத்தார். அதற்கு விலையாக இடது கட்டைவிரல் மூட்டில் ஒரு காய்ப்பு. சீசனில் அது புண்ணாகும். துணி சுற்றிக்கொண்டு வெட்டுவார்.

கத்தரிக்கு ஏது வலது, இடது என்று உங்களுக்கும் தோன்றலாம். வீட்டிலிருக்கும் கத்தரியைக் கையில் எடுங்கள். ஏதோ வெட்டப்போவதுபோல நுனி எதிரே இருக்க நேராகப் பிடித்துத் திறந்து பாருங்கள். மேலே இருக்கும் பிளேடு வலது பக்கமாக இருக்கும். கத்தரியைத் தலைகீழாகப் புரட்டிப் பிடித்தாலும் மேல் பிளேடு வலது பக்கம்தான்! கைப்பிடியை எப்படி மாற்றினாலும் இது மாறாது.

வலது கையை மூடும்போது கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். இந்த இழுப்பில் இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று நெருங்கி உரசும். அதனால்தான் துணி வெட்டுப்படுகிறது. அதே கத்தரியை இடது கையில் பிடித்தால் இழுப்பு எதிர்த்திசையில் போகிறது. பிளேடுகள் விலகுகின்றன. இடையில் துணி மடிந்து மாட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, வெட்ட வேண்டிய கோட்டை மேல் பிளேடு மறைத்துவிடுகிறது. இடது கைக்காரர்கள் இதைச் சமாளிக்கக் கட்டைவிரலை இயல்புக்கு எதிராக உள்ளே இழுத்துப் பிடித்து வெட்டப் பழகுகிறார்கள். காய்ப்பு அப்படித்தான் வருகிறது. இடது கைக் கத்தரி என்பது மேல் பிளேடு இடது பக்கம் இருக்கும்படி, கண்ணாடியில் தெரிவதுபோல முழுவதும் திருப்பிச் செய்தது.

இதெல்லாம் அவருக்கு 2020 ஊரடங்கின்போதுதான் தெரிந்தது. தைக்க வேலை இல்லை, கையில் போன் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தையல் வீடியோவில் ஒரு பெண் இடது கையால் பட்டுத் துணியைச் சர்ரென்று வெட்டுவதைப் பார்த்தார். பத்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்தபின்தான் அந்தக் கத்தரியே வேறு என்று புரிந்தது. தேடிப் பிடித்து வரவழைத்ததில் 3,800 ரூபாய் ஆனது. “ஒரு கத்தரிக்கா?” என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி!

பார்சல் வந்த அன்று லைனிங் துணியை இரண்டாக மடித்து வைத்து வெட்டினார். ஒரே இழுப்பில், சாக்பீஸ் கோட்டின் மேலேயே போனது. “பத்து வருசமா என் கையத்தான் திட்டிட்டு இருந்தேனுங்க. தப்பு கத்தரி மேலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம்தான் வந்ததாம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

70 லட்சம் பேர் எங்கே?

உலக மக்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேர் இடது கைக்காரர்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அப்படியானால் 70 லட்சத்துக்கும் மேல் வாடிக்கையாளர்கள்! யாருக்குத்தான் ஆசை வராது?

வெளிநாட்டில் இது புதிய யோசனையும் அல்ல. லண்டனின் சோஹோ பகுதியில் 1968-லேயே இடது கைக்காரர்களுக்கென்று ஒரு தனிக் கடை திறந்தார்கள். கத்தரி, டின் திறப்பான், பேனா, கத்தி என்று எல்லாம் இடது கைக்கு. ஊரெல்லாம் பேசப்பட்ட அந்தக் கடை 2006-ல் ஷட்டரை இறக்கிவிட்டு முழுக்க ஆன்லைனுக்குப் போய்விட்டது. லண்டன் மாதிரி ஊரிலேயே ஒரு தெருவில் கடை வைத்துப் பத்தில் ஒருவருக்காகக் காத்திருப்பது கட்டுப்படி ஆவது கஷ்டம். ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்களை ஒரே இடத்துக்கு வரவைக்க இணையத்தைவிட நல்ல வழி இல்லை.

அப்படித்தான் ஈரோட்டுக்காரரும் கணக்குப் போட்டார். தையல் கத்தரி விலை அதிகம், குழந்தைகள் கத்தரியில் தொடங்கலாம் என்று டெல்லியில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தார். குறைந்தது 300 எடுத்தால்தான் இடது கைக்குச் செய்து தருவோம் என்றார்கள். ஒன்று 95 ரூபாய், 300-க்கு 28,500. அத்தனை பணம் கையில் இல்லை. கழுத்தில் ஒரு பவுன் சங்கிலி இருந்தது. 30,000 ரூபாய்க்கு அடகு போனது.

பணம் அனுப்புமுன் மாதிரி அனுப்பச் சொன்னார். அது மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் கதை அப்போதே முடிந்திருக்கும். வந்த மாதிரியில் கைப்பிடி இடது விரல்களுக்கு ஏற்ற வளைவோடு அழகாக இருந்தது. பிளேடு? பழையபடி வலது கைக்குத்தான்! ‘இடது கைக் கத்தரி’ என்று சந்தையில் விற்கும் பலவற்றின் கதை இதுதான். பிளாஸ்டிக்கை மட்டும் திருப்பிவிட்டு இரும்பை அப்படியே விட்டுவிடுவார்கள். பிடிக்கச் சுகமாக இருக்கும், வெட்டாது.

“இது லெஃப்ட்தான் மேடம், கைப்பிடியைப் பாருங்கள்” என்று அந்தப் பக்கம் சாதித்தார்கள். இவருக்கு இந்தி அரைகுறை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ராஜஸ்தான் குடும்பத்து அக்கா போனை வாங்கிப் பேசினார். அதுவும் எடுபடவில்லை. கடைசியில், தன் 3,800 ரூபாய்க் கத்தரியையும் அவர்கள் அனுப்பியதையும் அடுத்தடுத்து வைத்து, மேல் பிளேடு எந்தப் பக்கம் என்று விரலால் காட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். இரண்டாவது மாதிரியும் தப்பு. மூன்றாவதுதான் சரி. இதற்குள் இரண்டு மாதம் ஓடி, சங்கிலிக்கு இரண்டு மாத வட்டியும் ஏறிவிட்டது.

2023 ஜூன், பள்ளி திறக்கும் நேரம். சரக்கு வந்து இறங்கியது. இணையச் சந்தை வழியாக வெளிமாநிலங்களுக்கும் பொருள் விற்க வேண்டுமென்றால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அதையும் ஆடிட்டர் ஒருவர் மூலம் முடித்திருந்தார். விலை 249 ரூபாய் என்று போட்டு, ஒரு பெரிய சந்தையில் கடையைத் திறந்தார்.

தீபாவளிவரை விற்றது 60. அதில் திரும்பி வந்தது 17.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 249 ரூபாயில் சரக்கு விலை 95. பெட்டி, டேப், ஸ்டிக்கர் 14. சந்தைக்காரரின் கமிஷனும் அனுப்பும் செலவும் சேர்ந்து 92. மிச்சம் 48. ஒன்று திரும்பி வந்தால் போகவர செலவு, பாழான பெட்டி எல்லாம் சேர்த்து 130 ரூபாய்போலப் போய்விடும். அதாவது ஒரு ரிட்டர்ன், கிட்டத்தட்ட மூன்று விற்பனையின் லாபத்தைச் சாப்பிட்டுவிடும். 43 விற்று வந்த லாபம் 2,064. ரிட்டர்னில் போனது 2,210. ஐந்து மாதம் ராத்திரி ராத்திரியாகப் பெட்டி ஒட்டியதற்குக் கையைவிட்டுப் போனது 146 ரூபாய்!

வாங்கித் திருப்பியவர்கள் அத்தனை பேரும் வலது கைக்காரர்கள். 249 என்பது குழந்தைகள் கத்தரிக்குச் சாதாரண விலை. எனவே ‘குழந்தைகள் கத்தரி’ என்று தேடிய எல்லார் கண்ணிலும் இது பட்டது. தேவையானவர்கள் கண்ணில் மட்டும் படவில்லை. காரணம், அவர்கள் தேடவே இல்லை. தன் கைதான் கோளாறு என்று நம்புகிறவர் எதற்காக ‘இடது கைக் கத்தரி’ என்று தேடப்போகிறார்? அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதே!

இங்கே அவர் செய்த இரண்டு வேலைகள், சின்னதாக ஆன்லைன் வியாபாரம் செய்யும் யாருக்கும் உபயோகப்படும்.

முதல் வேலை, விலையை ஏற்றியது. 249-ஐ 399 ஆக்கினார். “விக்காத பொருளுக்கு விலையை ஏத்துறியா?” என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் 399 என்றதும், சும்மா போகிறபோக்கில் வாங்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். இவ்வளவு விலை ஏன் என்று பார்ப்பவர்கள் பெயரைப் படித்தார்கள். படித்தவர்களில் வேண்டியவர்கள் மட்டும் வாங்கினார்கள். ரிட்டர்ன் மாதம் ஒன்று, இரண்டு என்று இறங்கியது. எல்லாரும் வாங்கும் பொருளுக்குத்தான் விலையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சிலருக்கான பொருளில் வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்துவதும் விலைதான்.

இரண்டாவது வேலை, வார்த்தைகளை மாற்றியது. இடது கைக்குத் தமிழில் ஊருக்கொரு பெயர். பீச்சாங்கை, நொட்டாங்கை, ஒரட்டாங்கை, பீச்சைக்கை என்று அத்தனையையும் பொருளின் விவரத்தில் எழுதினார். அதைவிட முக்கியம், பிரச்னையை அப்படியே எழுதினார். ‘குழந்தைக்குக் கத்தரி பிடிக்க வரவில்லையா?’, ‘வெட்டும்போது காகிதம் மடங்குகிறதா?’, ‘கட்டைவிரலில் காய்ப்பு இருக்கிறதா?’ இவை யாரும் பொருள் வாங்கத் தேடும் வார்த்தைகள் அல்ல. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு ஒரு தாய் கவலையோடு போனில் தட்டும் வார்த்தைகள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன வீடியோவும் போட்டார். இடது கையில் சாதாரணக் கத்தரி, காகிதம் மடங்குகிறது. இடது கையில் இடது கைக் கத்தரி, காகிதம் வெட்டுப்படுகிறது. அவ்வளவுதான், பேச்சுகூட இல்லை. அதற்குப் பிறகு வாட்ஸ்அப் ஓயவில்லை.

“எம் பையன் மக்கு இல்லீங்களா?”

திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா. பையன் யு.கே.ஜி. கைவேலை வகுப்பில் மற்ற பிள்ளைகள் வட்டம் வெட்டும்போது இவன் மட்டும் கிழித்துவிட்டு அழுகிறான். விரல்களுக்குப் பயிற்சி போதாது என்று பள்ளியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கத்தரி போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு படம் வந்தது. கோணல்மாணலாக, ஆனால் முழுசாக ஒரு வட்டம். கூடவே குரல் பதிவு: “அப்ப எம் பையன் மக்கு இல்லீங்களாக்கா?” அந்தப் பதிவை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இன்னொரு பார்சல் திரும்பி வந்தது. காரணம்: ‘வாங்க மறுத்துவிட்டார்’. போன் செய்தால் எதிர்முனையில் பெண் குரல் கிசுகிசுத்தது. பேத்திக்கு இடது கைச் சாமான் வாங்கித் தந்தால் பழக்கம் மாறவே மாறாது என்று மாமனார் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர் வேலை பார்க்கும் அலுவலக முகவரிக்கு அதே பெட்டி மறுபடி போனது. இரண்டாம் முறை அனுப்பிய செலவைக் கேட்க மனம் வரவில்லை.

வீட்டில் பெரியவர்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இடது கையால் ஒருவருக்குக் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஊரில், பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தலைகுனிவு வந்துவிடக்கூடாதே என்றுதான் அவர்கள் மாற்றப் பார்க்கிறார்கள். அம்மாயியும் அப்படித்தான். ஆனால் கொடுக்க வாங்க வலது கை, வெட்ட எறிய இடது கை என்று பிள்ளை இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரியவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். “நான் எழுதறது வலது கை. ஆனா கத்தரி இடது கையில வருது. நான் எந்தக் கை?” என்று. இதற்கு அறிவியலில் ஒரு பழைய வழி இருக்கிறது. 1971-ல் ஓல்ட்ஃபீல்ட் என்ற உளவியலாளர் எடின்பரோவில் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டார். எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரி, பல் துலக்கும் பிரஷ், கத்தி, ஸ்பூன், துடைப்பத்தில் மேலே பிடிக்கும் கை, தீக்குச்சி உரசுவது, பெட்டி மூடியைத் திறப்பது என்று பத்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கை என்று பார்த்தால் ஆள் எவ்வளவு தூரம் இடது, எவ்வளவு தூரம் வலது என்று தெரியும். இவர் அதைத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எழுதுவதையும் ஸ்பூனையும் மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், அது உங்கள் அம்மாயி கணக்கு என்று கடைசியில் ஒரு வரி.

‘வாங்குங்கள் வாங்குங்கள்’ என்று தினமும் போட்டால் யார் பார்ப்பார்கள்? எனவே வாரம் ஒரு தகவலும் போடுகிறார். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் கப்பலில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதிய காந்தி, வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். கையெழுத்துப் பிரதியில் சுமார் 40 பக்கம் இடது கையுடையது. பேட்டை வலது கைக்காரராகப் பிடித்த சச்சின், கையெழுத்துப் போடுவது இடது கையால். இவற்றைவிட அதிகம் பேர் பகிர்ந்தது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றிய தகவலை. அவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், மேடையில் அவர் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், வயலின் வித்வான் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டுமே! அவ்வளவு பெரிய கலைஞருக்கு வந்த சிக்கலே உட்காரும் இடத்தில்தான்.

முதல் 300 கத்தரியும் 2024 ஆகஸ்டில் தீர்ந்தது. ஆகஸ்ட் 13 உலக இடது கையர் தினம். அந்த ஒரு வாரத்தில் மட்டும் 41 விற்றது.

தீர்ந்ததும்தான் அடுத்த பிரச்னை புரிந்தது. வாங்கியவர்கள் யாரும் மறுபடி வரவில்லை! மசாலாப் பொடி தீர்ந்தால் திரும்ப வருவார்கள். நல்ல கத்தரி பல வருஷம் உழைக்கும். கூட்டமே சின்னது, அதிலும் ஒருவர் ஒரே தடவைதான் வாங்குவார் என்றால் எத்தனை நாள் ஓட்டுவது? எனவே அதே ஆளுக்கு வேறு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. பென்சிலை எதிர்த்திசையில் சுற்றிச் சீவும் ஷார்ப்னர். எண்கள் வலமிருந்து இடமாகப் போகும் ஸ்கேல். இடது கைக்காரர்கள் வலமிருந்து கோடு இழுப்பது சுலபம் என்பதால் அது. இடது கைக்கு ஏற்ற, ஒற்றை ஓரம் கொண்ட தோல் சீவி. மூன்று பொருளுக்கும் மூன்று ஊர் வியாபாரிகள், மூன்று முறை ‘மாதிரி அனுப்புங்கள்’ சண்டை. பெரியவர்களுக்கான தையல் கத்தரியை உத்தரப்பிரதேச மீரட்டில் ஒரு சிறு பட்டறையில் செய்து வாங்குகிறார். மீரட் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய இரும்பை உருக்கி அடித்துச் செய்வது அங்கே பல தலைமுறைத் தொழில். ஒன்று 1,250 ரூபாய். மாதத்துக்கு நாலைந்து போகிறது. அதை வாங்குகிற தையற்காரர்களோடு போனில் பேசும்போது மட்டும் அரை மணி நேரம் ஆகிவிடும். எல்லாருக்கும் அதே காய்ப்பு, அதே இடத்தில்.

இல்லை என்று சொல்ல வேண்டிய ஆர்டர்களும் வரும். மதுரை மருத்துவ மாணவர் ஒருவர் தையல் போடும் ஊசியைப் பிடிக்கும் கருவி கேட்டார். அதன் பூட்டு வலது கட்டைவிரலுக்கு ஏற்ப விடுபடுவதாம். கல்லூரி மாணவி ஒருவர், எழுதுபலகை இடது பக்கம் இருக்கும் நாற்காலி கிடைக்குமா என்றார். தேர்வு எழுதும் மூன்று மணி நேரமும் உடம்பைத் திருகிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதாம். நாற்காலியைக் கூரியரில் அனுப்ப முடியாது. தேர்வு மையத்தில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மாதம் லட்சங்களில் சம்பாதிக்கிறார் என்று முடித்தால் படிக்கச் சுகமாக இருக்கும். உண்மை அதுவல்ல. பள்ளி திறக்கும் ஜூனையும் ஆகஸ்டையும் விட்டுவிட்டால் எல்லாப் பொருளும் சேர்த்து மாதம் 100 பார்சல். செலவெல்லாம் போக 6,000, 7,000 நிற்கிறது. பிளவுஸ் தைப்பதில் அதைவிட அதிகம் வருகிறது. மிஷினை விட்டு எழுந்துவிடுகிற யோசனை அவருக்கு இல்லை. அடகுச் சங்கிலி மட்டும் போன தை மாதம் திரும்பி வந்துவிட்டது. மாமியார் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாராம்.

சமீபத்தில் கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு கல்லூரிப் பையன் கேட்டது கத்தரி அல்ல, கருக்கரிவாள். அவனுடைய ஆத்தா மாட்டுக்குப் புல் அறுப்பவர், இடது கைக்காரர். கருக்கரிவாளின் பல் ஒரு பக்கமாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். வலது கையால் இழுத்தால் புல்லைக் கவ்வும், இடது கையால் இழுத்தால் வழுக்கும். அறுபது வருஷமாக அந்த வழுக்கலோடுதான் அறுத்துக்கொண்டிருக்கிறாராம்.

இதற்கு டெல்லியிலும் மீரட்டிலும் ஆள் இல்லை. ஈரோட்டிலேயே ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனார். “தலைகீழாவா? நாப்பது வருசத்துல யாரும் கேட்டதில்லையே கண்ணு” என்றார் பட்டறைப் பெரியவர். இரண்டு முறை தப்பாகி, மூன்றாம் முறை பல் சரியாக விழுந்தது. 350 ரூபாய் ஆனது, அதே விலைக்குக் கொடுத்துவிட்டார். ஆத்தா அதை வாங்கி, புல்லில் ஒரு பிடி அறுத்துப் பார்த்துவிட்டு, “பிடி கொஞ்சம் கனமா இருக்குது, மத்தபடி தேவலை” என்றதாகப் பையன் எழுதியிருந்தான்.

அந்த அரிவாளின் படத்தைப் பக்கத்தில் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தஞ்சாவூரிலிருந்து இரண்டு, பாலக்காட்டிலிருந்து ஒன்று, தேனியிலிருந்து ஒன்று என்று நான்கு ஆர்டர். பட்டறைப் பெரியவர் பிடிக்கு லேசான மரம் தேடிக்கொண்டிருக்கிறார்.